சுவரைப் பார்த்து நடங்கள்: லப்பக் ரான்ச் பூங்காவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

மேற்கு டெக்ஸாஸின் லப்பக் நகரத்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள் சில வாரங்களிலேயே கேட்டுவிடுவார்கள்: "இந்த ஊரில் பார்க்க என்னதான் இருக்கிறது?" நியாயமான கேள்விதான். மலை கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது, கடலுக்கு ஒரு நாள் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டையான பருத்திக் காடும் ஓயாத காற்றும்தான். இந்தத் தட்டை நிலத்தில் மனிதர்கள் எப்படித்தான் குடியேறி நிலைத்தார்கள் என்று பார்க்க ஓர் இடம் இருக்கிறது. பெயர் நேஷனல் ரான்ச்சிங் ஹெரிடேஜ் சென்டர். டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. வளாகத்தின் வடக்கு ஓரத்தில் நான்காம் தெருவிலேயே இருந்தும், பட்டம் வாங்கிக்கொண்டு போகும்வரை எட்டிப் பார்க்காத மாணவர்கள் ஏராளம்.

டெக்ஸாஸின் பல மூலைகளிலிருந்த பழைய ரான்ச் (பெரிய மாட்டுப் பண்ணை) கட்டடங்களைப் பிரித்தோ, அப்படியே தூக்கி வண்டியில் ஏற்றியோ கொண்டுவந்து இங்கே ஒரு திறந்தவெளிப் பூங்காவில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். வீடுகள், கொட்டகைகள், பள்ளிக்கூடம், கொல்லன் பட்டறை, ரயில் நிலையம் எல்லாம் சேர்த்துச் சுமார் 50 கட்டடங்கள். மிகப் பழையது 1780 வாக்கில் கட்டப்பட்ட ஒரு வீட்டின் வடிவம். கடைசிச் சில கட்டடங்கள் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அமெரிக்கா தன் சுதந்திரத்தின் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடிய 1976 ஜூலையில் திறந்தார்கள். சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ராவைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குதிரைச் சாகசமும் துப்பாக்கிச் சண்டையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். சாதாரண நாட்களில் இங்கே எதுவும் நடக்காது. கட்டடங்கள் நிற்கும், காற்று அடிக்கும், அவ்வளவுதான். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்து "எல்லாம் பழைய பலகை வீடு" என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லாவிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறேன்: மரமே இல்லாத இந்தச் சமவெளியில், இந்தச் சுவருக்குச் சாமான் எங்கிருந்து வந்தது?

எப்போது போவது

அக்டோபர், நவம்பர் மாதங்கள் மிக நல்லவை. வெயில் இதமாக இருக்கும், காற்றும் கொஞ்சம் அடங்கியிருக்கும். மார்ச், ஏப்ரலில் புழுதிக் காற்று வரும். வானிலை அறிக்கையில் பலத்த காற்று, புழுதி என்று பார்த்தால் அன்று வேண்டாம். வாயைத் திறந்தாலே பல்லில் மண் கடிபடும். கோடையில் போவதாக இருந்தால் திறந்தவுடன் போய்விடுங்கள். ஜூலை மதியம் சர்வசாதாரணமாக 35 டிகிரி செல்சியஸைத் தொடும், பூங்காவில் நிழலும் குறைவு. குளிர்காலத்திலும் போகலாம். வெயில் அடிக்கும் ஜனவரி மதியத்தில் கூட்டமே இல்லாமல் பார்ப்பது தனி சுகம். ஆனால் காது மூடும் தொப்பி கட்டாயம் வேண்டும்.

வழக்கமாகத் திங்கள் முதல் சனிவரை காலை 10 மணிக்கும் ஞாயிறு மதியம் 1 மணிக்கும் திறப்பார்கள். மாலை 5 மணிக்கு மூடுவார்கள். வெளிப் பூங்காவை அதற்கும் முன்னதாகவே மூடுவதுண்டு என்பதால் மூன்று மணிக்கு மேல் கிளம்பிப் போவதில் அர்த்தமில்லை. கிளம்பும் முன் அன்றைய நேரத்தை அவர்கள் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்னொன்று, பல்கலைக்கழகத்தின் கால்பந்து ஆட்டம் உள்ளூரில் நடக்கும் சனிக்கிழமையைத் தவிருங்கள். மைதானம் அருகிலேயே இருப்பதால் நான்காம் தெருவில் வண்டி நகராது.

கிளம்பும்போது

தண்ணீர், தொப்பி, உதட்டுக்குப் பூசும் களிம்பு. கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். லப்பக் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,200 அடி உயரத்தில் இருக்கிறது, காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு. கடலோர ஊரிலிருந்து வந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே உதடு வெடித்துவிடும்.

காலுக்கு மூடிய ஷூ போடுங்கள். பாதை ஒழுங்காகத்தான் இருக்கும், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தள்ளிப் போகலாம். ஆனால் படம் எடுக்கிறேன் என்று புல்லில் இறங்கினால் நெருஞ்சி முள் காத்திருக்கிறது. நெருஞ்சி போல வேறொன்று அல்ல, அதே நெருஞ்சிதான். பழைய உலகத்திலிருந்து இங்கே வந்து பரவி, டெக்ஸாஸ்காரர்களின் சைக்கிள் டயரையெல்லாம் பதம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

செடிகளைப் பற்றிப் பேசும்போதே இன்னும் இரண்டையும் சொல்லிவிடலாம். பாதையோரம் சிறு இலையும் முள்ளுமாய் நிற்கும் மெஸ்கீட் மரத்தைப் பார்த்ததும் "இது நம்ம சீமைக் கருவேலம்தானே?" என்று கேட்கத் தோன்றும். நெருங்கிய சொந்தம். நம் ஊர்க் கண்மாய்களை அடைத்துக்கொண்டிருப்பது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அதன் உடன்பிறப்பு. சப்பாத்திக் கள்ளியும் அப்படித்தான், அதற்கும் பூர்வீகம் இந்தக் கண்டமே. ஆக இங்கிருந்து இரண்டு முள் நமக்கு வந்தது, பழைய உலகத்திலிருந்து ஒரு முள் இங்கே வந்தது.

உள்ளே போனதும்

முகப்பில் வெண்கலத்தில் வார்த்த லாங்ஹார்ன் என்ற நீண்ட கொம்பு மாடுகள் நிற்கும். அவற்றோடு படம் எடுப்பதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம். வரவேற்பு மேசையில் பெயர் எழுதிவிட்டு வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே குளிர்சாதன வசதியோடு கண்காட்சிக் கூடங்கள் இருக்கின்றன: சேணங்கள், லாடங்கள், ஓவியங்கள். இதிலேயே ஒரு மணி நேரம் கழித்துவிட்டு உச்சி வெயிலில் வெளியே போகிறவர்கள்தான் அதிகம். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் பூங்கா, அப்புறம் கூடங்கள்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் நகரம் காணாமல் போகும். சுற்றிலும் மண்மேடுகள் எழுப்பி, மேலே புல் வளர்த்து, சாலையையும் கட்டடங்களையும் மறைத்திருக்கிறார்கள். வீடுகளைப் பெரும்பாலும் கால வரிசையில் நிறுத்தியிருப்பதால் வரைபடத்தில் உள்ள பாதையை விட்டு விலகாமல் நடங்கள். குறுக்கு வழியில் போனால் நான் சொன்ன கேள்விக்கு விடை கிடைக்காது.

சுவரைப் படிப்பது

தொடக்கம் லோஸ் கொர்ராலிட்டோஸ். தெற்கு டெக்ஸாஸில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய சபாட்டா மாவட்டத்தில், ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் 1780 வாக்கில் கட்டிய வீட்டின் நகல் இது. மூலக் கட்டடம் அதன் இடத்திலேயே இருக்கிறது. கல்லும் மண் சாந்தும் சேர்த்து எழுப்பிய தடித்த சுவர், ஒரே கதவு. சன்னல் தேடாதீர்கள், கிடையாது. சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் துப்பாக்கி முனை நுழையும் அளவுக்குத் துளைகள். அதன் உட்பக்கம் நின்று ஒரு கண்ணை வைத்து வெளியே பாருங்கள். வீட்டுக்காரர் எதைக் கண்டு பயந்தார் என்பது விளங்கும்.

அடுத்து எல் கப்போட்டே குடில், 1838-ஐச் சேர்ந்தது. அது டெக்ஸாஸ் தனி நாடாக இருந்த காலம். மரத்தை முழுசாக வெட்டி அடுக்கிய சுவர். இந்தக் குடில் வந்தது சமவெளியிலிருந்து அல்ல, மரம் வளர்ந்த தென்பகுதியிலிருந்து. அதனால்தான் இப்படி முழு மரமாக அடுக்க முடிந்தது.

ஹெட்விக்ஸ் ஹில் வீட்டில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1850-களில் மேசன் மாவட்டத்தில் குடியேறிய ஜெர்மானியர்கள் கட்டியது. இரண்டு அறைகள், நடுவில் இருபுறமும் திறந்த நடை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூரை. நம் பழைய வீட்டு ரேழியில் நின்றால் எப்படி இருக்குமோ அப்படியொரு காற்று அந்த நடையில் ஓடும். ஆகஸ்ட் மாதத்தில் போயிருந்தால் ஒரு அறைக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு நடைக்கு வாருங்கள், வித்தியாசம் தோலில் தெரியும்.

பிறகு ஜோவெல் வீடு. 1870-களின் தொடக்கத்தில் பாலோ பின்டோ மாவட்டத்தில் கட்டியது. முந்தைய மர வீடு பழங்குடியினரின் தாக்குதலில் எரிந்துபோனதால் இந்த முறை கல்லில் கட்டினார்கள். இங்கே கேள்விக்கு விடை நேரடியானது: கல் தீப்பிடிக்காது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. பூங்கா முழுக்க இருப்பது குடியேறியவர்களின் வீடுகள். இந்தச் சமவெளி அவர்கள் வருவதற்கு முன் காலி நிலமாக இருக்கவில்லை. கொமாஞ்சி மக்கள் குதிரையில் சுற்றி, காட்டெருமையை வேட்டையாடி வாழ்ந்த மண் இது. 1870-களில் தோல் வியாபாரத்துக்காகக் காட்டெருமை மந்தைகளை வேட்டைக்காரர்கள் துடைத்தழித்தார்கள். 1874 செப்டம்பரில் இங்கிருந்து வடக்கே உள்ள பாலோ டூரோ பள்ளத்தாக்கில் அமெரிக்கப் படை கொமாஞ்சிகளின் முகாமைத் தாக்கி, பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக் கொன்றது. குதிரையும் காட்டெருமையும் போன பிறகு அந்த வாழ்க்கைக்கு அடித்தளமே இல்லை. மறு ஆண்டே எஞ்சியிருந்தவர்கள் ஓக்லஹோமாவின் ஒதுக்கிடத்துக்குப் போனார்கள். அதற்கடுத்த ஆண்டே சார்லஸ் குட்நைட் என்ற ரான்ச்காரர் தன் மாடுகளை அதே பள்ளத்தாக்குக்கு ஓட்டி வந்தார். கொமாஞ்சிகள் கட்டிய எதுவும் பூங்காவில் நிற்கவில்லை. அவர்கள் வாழ்ந்தது கூடாரத்தில். சுவரிலுள்ள துளைகளும் ஜோவெல் வீட்டின் கல்லும் வழியாகத்தான் அவர்களை இங்கே பார்க்க முடிகிறது.

மரமில்லாத மண்ணில்

இனிதான் உண்மையான சமவெளி. மாட்டடோர் ரான்ச்சிலிருந்து வந்த அரைக்குழி வீட்டைத் தவற விடாதீர்கள். தவற விடுவது சுலபம், ஏனென்றால் பாதி வீடு மண்ணுக்குள் இருக்கிறது. மரம் கிடைக்காத இடத்தில் மேட்டைக் குடைந்து மூன்று பக்கச் சுவரை மண்ணிடமே வாங்கிக்கொண்டார்கள். முன்பக்கத்துக்கும் கூரைக்கும் மட்டும்தான் சாமான் தேவைப்பட்டது. கோடையில் குளுமை, பனிக்காலத்தில் கதகதப்பு, காற்று அடித்தால் கவலையில்லை. சங்கடங்களும் உண்டு. இத்தகைய வீடுகளில் கூரையிலிருந்து மண் உதிர்ந்துகொண்டே இருக்கும், சோற்றில் விழாமலிருக்கத் துணி கட்டுவார்கள். சில நாள் பாம்பும் விழும். உள்ளே எட்டிப் பார்க்கும்போது தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டடோர் என்றவுடன் மண்குழியும் ஏழை மாட்டுக்காரனும் மட்டும் நினைவுக்கு வரக்கூடாது. 1882-இல் அந்த ரான்ச்சை வாங்கியது ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்து முதலீட்டாளர்கள். டண்டி செழித்தது சணல் ஆலைகளால், சணல் போனது வங்காளத்திலிருந்து. வங்காள விவசாயி அறுத்த சணலின் லாபம் சுற்றிச் சுற்றி டெக்ஸாஸ் புல்வெளியில் மாடாக மேய்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

எக்ஸ்.ஐ.டி. ரான்ச்சின் கதை இன்னும் பெரிது. ஆஸ்டினில் இன்று நாம் பார்க்கும் டெக்ஸாஸ் சட்டமன்றக் கட்டடத்தைக் கட்டித் தருகிறவர்களுக்குக் கூலியாக மாநில அரசு 30 லட்சம் ஏக்கர் நிலத்தைக் கொடுத்தது. கையில் பணம் இல்லை, நிலம் இருந்தது. 12,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் வரும்; தமிழ்நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு பெரிய இடத்தை ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள முடியாது என்பதால் பல பிரிவுகளாகப் பிரித்தார்கள். அவற்றில் ஒன்றின் தலைமையகம்தான் பூங்காவிலுள்ள லாஸ் எஸ்கார்பாடாஸ், 1886-ஆம் ஆண்டுக் கல் வீடு. கம்பெனிக்காரர்களின் வீடு என்பது பார்த்தாலே தெரிந்துவிடும்.

1904 வாக்கில் கட்டிய இன்னொரு வீட்டைப் பாருங்கள். மேற்கு டெக்ஸாஸின் வறண்ட க்ரொக்கெட் மாவட்டத்திலிருந்து வந்தது. ஜூனிபர் மரத்தின் ஒல்லிக் கம்புகளை நெட்டுக்குத்தலாக நட்டு, சோட்டால் என்ற பாலைவனச் செடியின் நீண்ட தண்டுகளையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பெரிய மரம் இல்லாதவன் குச்சியால் கட்டுகிறான், அவ்வளவுதான்.

ரயில் வந்த பிறகு

பாதையில் ஓர் இடத்துக்குப் பிறகு சுவர்கள் சட்டென்று மாறும். ஆலையில் அறுத்த நேர்த்தியான பலகைகள். தூரத்துக் காடுகளில் வெட்டிய மரத்தை ரயில் கொண்டுவந்து இறக்கத் தொடங்கிவிட்டது. வடக்கு டெக்ஸாஸை ஊடுருவிய பாதை 1888-இல் முடிந்தது, லப்பக்குக்கு ரயில் வந்தது 1909-இல்.

1903-ஆம் ஆண்டுப் பலகை வீட்டின் சுவரைத் தட்டிப் பார்க்கத் தோன்றும். தட்டாதீர்கள், பார்த்தால் போதும். உள்ளே தாங்கி நிற்கும் மரச்சட்டம் என்று எதுவும் இல்லை. அகலப் பலகைகளை நிறுத்தி ஆணி அடித்து, இடுக்குகளின் மேல் குறுகிய பட்டைகளை அடித்து மூடியிருக்கிறார்கள். பலகையின் கனமே சுவரின் கனம். இந்த மாதிரி வீடுகளில் காற்று புகாமலிருக்க உட்பக்கம் துணியோ செய்தித்தாளோ ஒட்டுவது வழக்கம். மண்குழியிலிருந்து இந்த வீட்டுக்கு மாறிய குடும்பம் குளிரைப் பொறுத்தவரை நஷ்டப்பட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மாறினார்கள். தரைக்கு மேலே, சன்னலோடு இருப்பதில் ஒரு கௌரவம்.

எனக்குப் பிடித்த கட்டடம் ஸ்பர் ரான்ச்சின் தானியக் களஞ்சியம். வெளியிலிருந்து பார்த்தால் பாதியில் விட்ட வேலை மாதிரி இருக்கும். சட்டங்களெல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பலகை உட்பக்கம் அடித்திருக்கும். காரணம் எளிது. உள்சுவர் வழவழவென்று இருந்தால்தான் தானியம் எந்த மூலையிலும் சிக்காமல் சரிந்து வரும். யாருக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதைக் கட்டிய தச்சர் யோசித்திருக்கிறார். அவர் முடிவு, தானியத்துக்கு.

அழகு வேண்டுமானால் பார்ட்டன் வீட்டுக்குப் போங்கள். 1909-இல் கட்டிய மாடி வீடு, சுற்றிலும் தாழ்வாரம். குழி வீட்டுக்கும் இதற்கும் இருபது ஆண்டு இடைவெளிதான் என்பதை நம்ப முடியாது. இதைக் கட்டிய ஜோசப் பார்ட்டன் தன் நிலத்தில் ஓர் ஊரையே உருவாக்கப் பார்த்தார். ரயில் அந்த வழியாக வரும் என்ற நம்பிக்கையில் எல்லாம் தொடங்கியது. ரயில் வேறு பாதையில் போய்விட்டது. ஊர் கரைந்தது, வீடு மிஞ்சியது.

அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு நடங்கள். 1918-இல் ரோப்ஸ்வில் என்ற சிற்றூருக்காகக் கட்டியது. பக்கத்தில் தண்டவாளத்தில் நீராவி எஞ்சினும் மாடு ஏற்றும் பெட்டிகளும் நிற்கின்றன, மாடுகளை அடைக்கும் பட்டிகளும் இருக்கின்றன. பெட்டியின் பக்கங்களில் பலகைக்குப் பலகை இடைவெளி விட்டிருப்பது மாடு மூச்சுவிட. சமவெளிக்கு மரத்தைக் கொண்டுவந்த ரயில், திரும்பும்போது மாட்டை ஏற்றிக்கொண்டு போனது.

வீடுகளுக்கு நடுவே பார்க்க வேண்டியவை

காற்றாலைகளை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். பூமிக்கடியில் ஒகல்லாலா என்ற மாபெரும் நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. மேலே ஆறு இல்லாத ஊரில் அதிலிருந்து நீரை இறைக்க இருந்த ஒரே கூலியில்லா ஆள் காற்றுதான். சக்கரம் சுற்றுவதை மட்டும் பார்க்காமல் நடுவில் கீழே இறங்கும் தண்டைப் பாருங்கள். சுற்றும் அசைவை மேலும் கீழுமாக மாற்றி பம்பை இயக்குவது அதுதான். காற்று எல்லை மீறினால் சக்கரம் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. மரச் சிறகுகள் கொண்ட எக்லிப்ஸ் வகை பழையது. உலோகச் சிறகுள்ளவை பின்னால் வந்தவை. பழையவற்றுக்கு அடிக்கடி மசகு போட வேண்டும், அதற்காகவே கோபுரம் ஏறும் ஆள் ரான்ச்சில் இருப்பார்.

முள்கம்பி வேலியும் அப்படித்தான், வேலிதானே என்று விட்டுவிடத் தோன்றும். ஜோசப் கிளிடன் தன் முள்கம்பிக்கு 1874-இல் காப்புரிமை வாங்கினார். மர வேலி போட மரமில்லாத நாட்டுக்கு அது வரமாக வந்தது. அதுவே வினையாகவும் ஆனது. வடக்கிலிருந்து மாடுகள் இறங்கி வராமலிருக்க பான்ஹேண்டில் எனப்படும் டெக்ஸாஸின் வடகோடிப் பகுதியின் குறுக்கே நீள வேலி கட்டியிருந்தார்கள். 1886 ஜனவரிப் பனிப்புயலில் தெற்கு நோக்கி ஒதுங்கி வந்த மாடுகள் அந்த வேலியில் முட்டி நின்று, ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து செத்தன.

குழந்தைகள் கூட வந்தால் அவர்களுக்கு மாட்டுச் சூட்டுக் குறிகளை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள், அலுப்பே தெரியாது. விதி சுலபம்: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள்ளே. எழுத்து படுத்திருந்தால் அது 'சோம்பேறி' எழுத்து. பூங்காவில் வண்டிக் கொட்டகை ஒன்று 'யு லேஸி எஸ்' ரான்ச்சைச் சேர்ந்தது: ஒரு யு, பக்கத்தில் படுத்த எஸ். அங்கே நிற்கும் சிவப்புக் கொட்டகைக்குரிய ரான்ச்சின் குறி நான்கு ஆறுகள், 6666. சீட்டாட்டத்தில் நான்கு ஆறு விழுந்து ஜெயித்த நிலம் என்று யாராவது சொல்வார்கள். கட்டுக்கதை. அந்த ரான்ச்சை உருவாக்கிய பர்க் பர்னெட் மாடுகளை விலைக்கு வாங்கியபோது அந்தக் குறியும் அவற்றோடு சேர்ந்தே வந்தது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் கொல்லன் பட்டறைக்கு நேரம் ஒதுக்குங்கள். துருத்தியும் பட்டடையும் குறடும் கண்டால் கிராமத்தில் வளர்ந்தவர்கள் லேசில் நகர மாட்டார்கள். எது எதற்கு என்று உங்களுக்கு அவர்களே விளக்குவார்கள். பலகையில் எழுதியிருப்பதைவிட அது நன்றாக இருக்கும். மாடு பற்றிப் பேச்சு வந்தால் இதையும் சொல்லுங்கள்: டெக்ஸாஸ் வெயிலைத் தாங்கும் பிராமன் மாட்டு இனம், ஓங்கோல், கிர் போன்ற இந்திய மாடுகளின் வழியில் இங்கே உருவாக்கப்பட்டது.

பேர்ஃபீல்டு பள்ளிக்கூடம் ஓர் அறைதான். எல்லா வகுப்பும் அங்கேயே. அதைப் பார்க்கச் சில நிமிடம் போதும்.

சில நடைமுறைச் சங்கதிகள்

பெரும்பாலான வீடுகளுக்குள் போக முடியாது. வாசலிலிருந்தோ சன்னல் வழியாகவோ தடுப்புக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். கண்ணாடியில் வெளிச்சம் பிரதிபலித்து எதுவும் தெரியாவிட்டால் இரு கைகளையும் கண்ணுக்கு ஓரமாக வைத்துக்கொண்டு பாருங்கள். சுவரில் சாய்வது, வேலியில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பது வேண்டாம். நூறாண்டு மரம் அது.

விழா நாட்களில் தன்னார்வலர்கள் அந்தக் காலத்து உடையில் இருப்பார்கள். இரும்பு அடிப்பார்கள், அடுப்பில் ரொட்டி சுடுவார்கள். கூச்சப்படாமல் கேள்வி கேளுங்கள். பலர் ரான்ச் குடும்பங்களைச் சேர்ந்த ஓய்வுபெற்றவர்கள், பேச ஆள் கிடைத்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். 'சார்', 'மேம்' என்று மரியாதையாகப் பேசுவது இந்த ஊரில் இன்னும் பழக்கத்தில் இருக்கிறது, நமக்கும் அது சிரமமில்லை.

நிதானமாக நடந்தால் பூங்காவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாதியிலேயே திரும்பி, 2023-இல் திறந்த ரான்ச் வாழ்க்கைக் கற்றல் மையத்துக்குள் விட்டுவிடுங்கள். தொட்டு விளையாடலாம், குளிர்சாதனமும் உண்டு. பெரியவர்களில் ஒருவர் அங்கே காவலிருந்தால் மற்றவர் மீதி வீடுகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

நேரமும் தெம்பும் மிச்சமிருந்தால் பல்கலைக்கழகத்தின் பொது அருங்காட்சியகம் அதே தெருவில் பக்கத்திலேயே இருக்கிறது. என் யோசனை, அன்றைக்கு அது வேண்டாம். காரை எடுத்துக்கொண்டு ஊரின் கிழக்கே காற்றாலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பூங்காவில் ஒன்றிரண்டாகப் பார்த்த காற்றாலைகள் அங்கே ஒரு பெரிய கூடம் நிறைய இருக்கின்றன. அதற்கு டிக்கெட் உண்டு. இந்த மண்ணில் ரான்ச்சுகளுக்கும் முன்னால் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் ஊரின் வடமேற்கில் லப்பக் லேக் லேண்ட்மார்க் என்ற அகழாய்வுத் தளம். ஏறக்குறைய 12,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்துபோன நீர்நிலை அது.

டிசம்பரில் ஊரில் இருந்தால் அந்த மாதத்தில் நடக்கும் மெழுகுவர்த்தி இரவுக்கு இன்னொரு முறை போங்கள். பாதையெங்கும் விளக்கு, ஒவ்வொரு வீட்டிலும் ஆள். மற்ற நாட்களில் காலியாகக் கிடக்கும் அறையில் யாரோ குழந்தைக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருப்பார், இன்னொரு வீட்டில் அடுப்பு எரியும். கூட்டம் வரும் என்பதால் தொடங்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. கையுறை இல்லாமல் போகாதீர்கள், காசு இருந்தால் இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள்.